தொப்பிக்குள் ஒளித்த நெற்றி

…இழுக்கவில்லையே, இன்றைக்கு ஏன் இவள் தொப்பியைக் கீழே இழுக்கவில்லை, என்ற கேள்வி வீட்டு வாசலிலேயே அருளானந்தனின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதிச் சரிவுப் பாதையில் பனிக்கட்டி நொறுங்க நொறுங்க அவனோடு கூடவே வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு மகள் மிதுனா, மூன்று வயது, சிவப்புக் கம்பளித் தொப்பி, அதற்குக் கீழே நெற்றி முழுசாகத் திறந்து கிடந்தது, பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை, வேறு நாளென்றால் இழுத்து மூடிவிடுவான், இன்றைக்குக் கை போகவில்லை… போன கிழமை முழுக்க அவள் அந்தத் தொப்பியை மூக்குவரை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் பாலர் பள்ளிக்கு வந்தாள், காரணம் அவனுக்குத் தெரியும், தாய் சிந்தியா ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் போவாள், அவளுடைய குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம், அதைப் பார்த்துப் பார்த்து இந்தக் குட்டி தனக்கொரு சட்டம் எழுதி வைத்திருந்தது, சிலுவை விழுந்தால் ஆள் போய்விடும், நெற்றி அகப்படாவிட்டால் சிலுவை விழாது, சிலுவை விழாவிட்டால் ஒருவரும் எங்கேயும் போகமுடியாது… யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவைக்கடைக்காரனின் மகனாகப் பிறந்து, ஒஸ்லோவில் கைத்தொலைபேசி விற்றுப் பிழைக்கிற அவனுக்கே இப்படி ஓட்டையில்லாத ஒப்பந்தம் எழுத வராது.

அந்த ஒப்பந்தத்தை நேற்று உடைத்தவன் அவன். கூட இருந்து பிள்ளையைப் பழக்குவதற்கென்று பள்ளி கொடுத்த நாட்களும் முடிந்து, கடையில் லீவும் முடிந்து, ஒன்பது மணிக்கு மேசைக்குப் பின்னால் நிற்காவிட்டால் முதலாளியின் முகம் எந்தக் கோணத்துக்குப் போகும் என்றும் தெரிந்து, இவளோ தொப்பியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மடியைவிட்டு இறங்காமல்… அவன் என்ன செய்தான், அப்பா டொய்லெட்டுக்குப் போட்டு ஓடியாறன் என்றான், சிலுவை இல்லை, முத்தம் இல்லை, அவள் உடனே இறங்கினாள், நெற்றிதான் பத்திரமாக இருக்கிறதே, நம்பாமல் என்ன செய்வாள், அவன் பின்கதவால் பஸ்ஸுக்கு ஓடினான். ஊரில் எல்லாரும் செய்ததுதானே, பிள்ளை பராக்குப் பார்க்கிற நேரம் மெல்ல நழுவுவது, அவனையும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார்கள், அவன் என்ன செத்தா போனான்… பின்னேரம் கூப்பிடப் போனபோது இங்வில் என்ற ஆசிரியை குரலை உயர்த்தாமல், குறையும் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னாள், அதுதான் பொறுக்கவில்லை, ஏசியிருந்தால் திருப்பி நாலு கதை சொல்லித் தப்பியிருப்பான். பிள்ளை டொய்லெட் கதவடியில் நின்றதாம், மத்தியானச் சாப்பாடுவரை நின்றதாம், கதவு திறந்து யார் வெளியே வந்தாலும் சப்பாத்திலிருந்து முகம்வரை நிமிர்ந்து பார்த்ததாம், பிறகு மறுபடி கதவையே பார்த்ததாம். அழுதவளோ, என்று கேட்டான். இல்லை, என்றாள் இங்வில்.

இராத்திரி சிந்தியா கேட்டபோது, நல்லா இருந்தவள், என்று அதற்கும் ஒரு பொய்… ஒரு பொய்க்கு இன்னொன்றைக் காவலுக்கு வைக்கவேண்டி வருகிறது, ஏன் சொன்னான், பயமா, யாருக்கு, சிந்தியாவுக்கா, இல்லை புஷ்பராணி அக்காவுக்கா? தமிழ்ப் பூசை முடிய தேவாலய மண்டபத்தில் இளம் பெற்றோரை இருத்திவைத்துப் பிள்ளை வளர்ப்புச் சொல்லித்தருகிறவர் அவர், அடிக்காதேங்கோ, வெருட்டாதேங்கோ, பிள்ளையின்ரை கண் உயரத்துக்குக் குனிஞ்சு உண்மையைச் சொல்லுங்கோ என்பவர், பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த அவனைப் பார்த்து, "தம்பி, ஆண்டவரே சீடரிட்டைப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர், நீர் என்ன அவரிலும் பெரிய ஆளோ?" என்று கேட்டு மண்டபத்தையே சிரிக்கவைத்தவர். அவனும் சேர்ந்து சிரித்தான், சிரித்துவிட்டு நேற்றுப் பின்கதவால் போனான். சரி, இன்றைக்குச் சமாளிக்கலாம், பையில் ஒரு சின்னப் பெட்டி முந்திரிகை வற்றல், காய்ந்த திராட்சை, இருக்கிறது, அதற்கு மசியாவிட்டால் சனிக்கிழமை நீச்சல் தடாகம், அதற்கும் மசியாவிட்டால் அவள் கடைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்ட அந்த மஞ்சள் சைக்கிள், மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போகவேண்டும், எடுத்த எடுப்பில் சைக்கிளைக் காட்டினால் பிறகு காட்ட என்ன இருக்கிறது… ஆனால் தொப்பி, அந்தத் தொப்பியை ஏன் இழுக்கவில்லை?

பள்ளியின் நடைக்கூடத்தில் ஈரச் சப்பாத்துகளின் மணம், இங்வில் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள், அவன் முழங்காலில் நின்றான், பூசையில்கூட முழங்கால் நோகிறதென்று சாட்டுச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறவன், நின்று, கண் உயரத்துக்கு வந்து, வற்றல் பெட்டிக்காகப் பைக்குள் கைவிட்டான்.

"அப்பா, இண்டைக்கும் டொய்லெட்டுக்கோ?"

கோபமில்லை, நக்கலுமில்லை, மூன்று வயதில் என்ன நக்கல், எந்த பஸ்ஸில் போகிறீர்கள் என்று கேட்பதுபோல ஒரு விசாரிப்பு, வற்றல் பெட்டி பைக்குள்ளேயே நசிந்தது, கையை வெறுமனே வெளியே எடுத்தான்.

"இல்லையம்மா. அப்பா வேலைக்குப் போறன். நேற்றும் வேலைக்குத்தான் போனனான். டொய்லெட் எண்டு சொன்னது பொய்… பிழை, அப்பாவிலைதான் பிழை. நீங்கள் நித்திரை கொண்டு எழும்பி, பழம் சாப்பிட்டு முடிய அப்பா வந்திடுவன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான், அழுவாள், காலைக் கட்டிப்பிடிப்பாள், கட்டிப்பிடிக்கட்டும், ஆண்டவரே ஒருதரம் அழட்டும், எத்தனை மணியானாலும் நிற்கிறேன், முதலாளி முகம் எந்தக் கோணத்துக்காவது போகட்டும்… அவள் கையுறை போட்ட கையால் தொப்பியைத் தானே மேலே தள்ளினாள். நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள், ஊசி போட வந்த இடத்தில் கையை நீட்டுவதுபோல. அவன் பெருவிரல் குளிரில் விறைத்திருந்தது, சிலுவை கோணலாகத்தான் விழுந்தது. "ஹா டெ, அப்பா," என்றாள், நொர்வேக்காரப் பிள்ளைகள் விடைபெறுவதுபோலவே, அதை இதுவரை அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லிவிட்டு நடந்துபோய் இங்விலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்வில் அவனைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினாள், பார்த்தாயா, உண்மை சொன்னால் எவ்வளவு லேசு, என்பதுபோல.

லேசுதானா… பஸ் தரிப்பில் நின்றுகொண்டு அவன் தன்னையே கேட்டான், ஏன் லேசாக இல்லை? அவனுடைய அப்பர் புடைவைக்கடையில் அவனுக்குக் காட்டித்தந்தது ஒன்றுண்டு, விலை கேட்டுச் சண்டை பிடித்து, சீலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்க்கிறாளே, அவள் எப்படியும் வாங்குவாள், ஆனால் சொன்ன விலைக்குத் தலையாட்டி, நல்ல சீலை என்று புகழ்ந்து, மடிப்புக் கலையாமல் திருப்பி வைக்கிறவளைக் கூப்பிடாதே, அவள் எப்போதோ போய்விட்டாள்… மிதுனா எந்த ஆள்? தொப்பியை மேலே தள்ளியது அப்பா சொன்னதை நம்பியதாலா, இனி இவரோடு பேரம் பேசி என்ன என்று மடித்து வைத்ததாலா? பழம் சாப்பிட்டு முடியப் போய்ப் பார்த்தால் தெரியும், ஓடி வருவாள், அல்லது வரமாட்டாள், அதுவரை… சிந்தியாவிடமும் இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, சாரதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை உள்ளே வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது, இங்வில் உயர்த்திய விரலையே பார்த்துவிட்டு வந்திருக்கிறான், மகள் உட்கார்ந்த அந்த இடத்திலிருந்து டொய்லெட் கதவு தெரியுமா, இன்றைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று பார்க்கவில்லை.