ஆவாரஞ்செடிக்கு ஊற்றிய தண்ணீர்

கம்பெனியில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டு நின்ற பிறகுதான், காலை ஏழு மணிக்கு என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என் மனைவி அறிவுமதி கொல்லைப்பக்க மதிலோரம் கிண்ணத்தோடு நிற்பாள். பக்கத்து வீட்டுச் செம்மல் தன் ஆவாரஞ்செடியில் பூப்பறித்துக் கிண்ணத்தில் போடுவான். அவளுக்குச் சர்க்கரை. அந்தப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பாள். பூ வாங்க இரண்டு நிமிடம் போதும். அரை மணி நேரம் சிரிப்பாள். அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். இருந்தும் எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

என் வீட்டிலேயே பூத்தால் அவள் மதிலுக்குப் போக வேண்டியதில்லை. ஊசுட்டேரிப் பக்கம் தானாக முளைத்திருந்த ஒரு கன்றைப் பிடுங்கிவந்து நட்டேன். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். மூன்றாவது வாரம் இலை பழுத்துக் கொட்டியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து நாறியது.

செம்மல் எட்டிப் பார்த்தான். "என்ன மாப்ள, நெல்லு நாத்தா நட்ட? இது காஞ்ச தரையில நிக்கிற செடி. நான் கோடையிலகூட ஊத்தறதில்ல. ஊத்துனா செத்துடும்."

அதற்கும் சிரித்தாள் அறிவுமதி.

எப்படிக் கொல்வது என்று அவனே சொல்லிக்கொடுத்துவிட்டான். மே மாதம் காலாப்பட்டிலுள்ள மகள் வீட்டுக்கு இருபது நாள் போனான். அறிவுமதி வேலைக்குக் கிளம்பியதும் தினமும் மதில்மேல் ஹோஸ் பைப்பைப் போட்டு, செடியின் அடி சேறாகும்வரை தண்ணீர் விட்டேன்.

திரும்பி வந்தவன் மொட்டையாக நின்ற கிளைகளைப் பார்த்தான். மண்ணைத் தொட்டுப் பார்த்தான். அறிவுமதியும் மதிலருகே வந்துவிட்டாள்.

"வாடிடும்னு ஊத்திட்டியா மாப்ள? நல்ல மனசுதான். நான்தான் சொன்னேன்ல?"

தலையாட்டினேன்.

"நல்ல மனசா?" என்றாள் அறிவுமதி. "ஊத்துனா சாவும்னு தெரிஞ்சேதாண்ணே ஊத்தியிருக்காரு. எங்க செடி எப்படிச் செத்துதுன்னு கண்ணால பார்த்தவரு."

செம்மல் என் பக்கம் திரும்பவில்லை. கிளையில் காய்ந்து தொங்கிய காய்களை உருவி அவளிடம் நீட்டினான். "இந்தாம்மா, உங்க பக்கம் போட்டுக்கோ. பூக்க ரெண்டு வருசம் ஆவும்."

"வேணாம்ண்ணே. உங்க பக்கமே போடுங்க. பூக்கறவரைக்கும் சும்மா வந்து பேசிட்டுப் போறேன்."