வாசல் வைத்த கொடி

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குள் புஷ்பவதி கொடியை மடித்து, பிரித்து, திரும்பவும் மடித்துவிட்டாள். கனடாவின் மொன்றியலுக்கு வந்த நாள்முதல் தொழிற்சாலையில் காற்சட்டைப் பைகளையே தைத்துக் கைசலித்தவளுக்கு இது முதல் சொந்த ஓடர். கேட்டவள் சிசிலி, முன்பு பக்கத்து மெஷினில் தைத்தவள், ஆற்றுக்கு அப்பால் கானவாகேயில் இருக்கும் மோஹாக் என்ற பூர்வகுடிப் பெண். பதினொரு மணிக்கு அங்கே ஊர்வலம். முன்னால் போகப்போவது இந்தப் பன்னிரண்டடிக் கொடிதான். பிடித்துவிட்டால் இன்னும் முப்பது கொடி தருவதாகச் சொல்லியிருந்தாள். முப்பது! தொழிற்சாலைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

சிசிலி தந்த படத்தில் ஊதாத் துணி. நடுவில் வெள்ளை மரம், இரு பக்கமும் இரண்டிரண்டு வெள்ளைக் கட்டங்கள், எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு துணியின் விளிம்புவரை ஓடும் வெள்ளைக் கோடு. அந்த விளிம்புதான் புஷ்பவதியின் கண்ணை உறுத்தியது. கரை இல்லாமல் ஒரு துணியா? படத்தைக் கீறியவர் அவசரத்தில் விட்டிருப்பார் என்று தானே தீர்மானித்து, கோட்டின் இரு நுனியையும் வெட்டிக் குறுக்கி, கூறைச்சீலைக்கு வைப்பதுபோல் நாலு பக்கமும் அகலமாக ஊதாக் கரை பிடித்திருந்தாள். "இப்பதான் லட்சணமா இருக்கு," என்று கணவர் தியாகராசாவும் தலையாட்டியிருந்தார்.

சிசிலி வந்தாள். மரத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். கோட்டின் மேலே போன அவளுடைய விரல் கரையில் வந்து நின்றது. சிரிப்பும் நின்றது. தியாகராசாவிடம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"மரமும் நாலு கட்டமும் அஞ்சு இனச் சனமாம். முந்தி தங்களுக்குள்ள அடிபட்டு, பேந்து சமாதானமாகிக் கை கோத்தவையாம். வெளிய ஓடுற கோடு பாதையாம். சமாதானமா வாற எந்தச் சனமும் அதால உள்ள வரலாமாம். நீர் அதை அடைச்சுப்போட்டீராம்." தொண்டையைச் செருமினார். "அடைச்சதெண்டு அவ சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன்."

புஷ்பவதிக்கு முகம் பற்றி எரிந்தது. முப்பது கொடியும் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"ஐயோ! வந்த சனம் நான். நானே வாசலைத் தைச்சு மூடிப்போட்டனே!"

சொல்லி முடிக்குமுன் தையல் பிரிக்கிற பிளேட்டை எடுத்துவிட்டாள். சிசிலி மறுபக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடுங்கினாள். இரண்டு பேரும் தொழிற்சாலையில் பந்தயம் போட்டுத் தைத்த காலத்தைப்போல ஒருவரை ஒருவர் முந்தினார்கள். கரை போயிற்று. ஆனால் குறுகிய கோட்டை நீட்ட வெள்ளைத் துணி இல்லை. புஷ்பவதி அலுமாரியைத் திறந்தாள்.

"இஞ்சேரும், அது என்ர புது வேட்டி!"

"ஒரு முழம்தானேப்பா. பேசாமல் இருங்கோ."

மெஷின் பறந்தது. ஒன்பதரைக்குக் கடைசி நூலை அறுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோடு நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஆனால் மெஷின் போட்டிருந்த சமையல் குசினி பன்னிரண்டடிக்குக் காணாது. தியாகராசா ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நின்றார். மற்றத் தலைப்பின் ஒரு மூலையைப் பிடித்தபடி சிசிலி பின்னால் நடந்து, கதவைத் திறந்து, படிக்கட்டுக்கே போய்விட்டாள்.

மேல்மாடியில் குடியிருந்த இத்தாலிக்காரி அஞ்சலீனா ஜான்-டலோன் சந்தையிலிருந்து தக்காளிப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். குசினியிலிருந்து வாசற்படி தாண்டி வந்த வெள்ளைக் கோடு நேரே அவள் காலடியில் முடிந்தது. ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, தொய்ந்து கிடந்த மற்ற மூலையைத் தூக்கிப் பிடித்தாள்.