பதினோரு வருடப் பெட்ரோல்

ஷெட்டில் பதினோரு வருடமாக நின்ற காரின் டாங்க் மூடியைத் திறந்ததும், உள்ளே கிடந்த பெட்ரோல், கணக்கு டீச்சரின் செத்துப்போன கணவர் குரலில் "எங்கடி கிளம்பிட்ட?" என்று கேட்டது. மெக்கானிக் மோந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் கெட்டுப்போய்விட்டது என்றார். அது டீச்சருக்குத் தெரியாததா? இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் ஒரு நாள்கூடச் சாவியை அவள் கையில் கொடுத்ததில்லை. அவள் செருப்பில் கால் நுழைத்தாலே இதே கேள்விதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே கார் பழகப் போய், லைசென்ஸும் எடுத்திருந்தாள். எங்கே என்று ஒருவருக்கும் சொல்லாமல், இதே காரில், ஒரு தடவையாவது போய்வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஷெட் கதவுகளை அகலத் திறந்துவைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கைப்பம்பால் இறைத்தார்கள். கஷாய நிறத்தில், பழைய வார்னிஷ் வாடையோடு வந்தது. தகர டப்பாக்கள் வரும்வரை பொறுக்க முடியாமல், கொழுந்தனார் ஒரு வாளியைத் தூக்கிக் கொல்லைச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். "இதுக்குப் போய் டப்பா எதுக்கு அண்ணி?" என்றார். அன்று மாலைக்குள் அந்தச் சாக்கடையோடு சேர்ந்த தெருவின் அத்தனை பாத்திரம் கழுவும் தொட்டிகளும், வெளியே போகப் பை எடுத்த பெண்களை எல்லாம் "எங்கடி கிளம்பிட்ட?" என்று கேட்டன. பெண்கள் கரண்டியும் கையுமாக வந்து கொழுந்தனாரைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நாள் அவர் சாக்கடை நெடுக மரத்தூளைக் கொட்டி, ஊறியதை வழித்து வழித்து டப்பாவில் அடைத்தார். தெரு வாயை மூடியது.

டாங்கைக் கழற்றி, சுத்தம் செய்யும் திரவத்தோடு ஒரு பிடி நட்டுகளைப் போட்டு, டீச்சரும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். துரு உதிர்ந்தது. அதோடு "யாரு கூட?", "எப்ப வருவ?" என்று பொடிப்பொடியாகவும் வந்தது. நாலாவது அலசலில் வெறும் தண்ணீர்ச் சத்தம். கேட்டதும் டீச்சர் அழுதாள், சந்தோஷத்தில்தான். டாங்க் இரண்டு நாள் காற்றில் காய்ந்தது. பிறகு அதை மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றினார்கள்.

டப்பாக்களை வாடகை வண்டியில் ஏற்றும்போது கொழுந்தனார் கைப்பிடியை விட்டுவிட்டார். "அண்ணனை இப்படி டப்பால அடைச்சு அனுப்புறீங்களே."

"அவர் என்னை அடைச்சு வச்சப்போ நீங்க ஒரு வார்த்தை பேசலியே," என்றாள். மறு கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார்.

கெட்ட எண்ணெயும் காய்ந்த பெயின்டும் வாங்கிக்கொள்ளும் ஊர்க் கிடங்கில், குமாஸ்தா தலையைத் தூக்காமல் 'பழைய பெட்ரோல், பேசும்' என்று சீட்டு எழுதி ஒட்டினார். டப்பாக்களைப் பெரிய பீப்பாயில் கவிழ்த்து, வாசலோரக் கூண்டில் பூட்டினார்கள். உள்ளே வரும் வண்டிகளை எல்லாம் அது விசாரித்தது. மீசை வைத்த லாரிக்காரர்களையும் 'டி' போட்டுத்தான் கேட்டது. அவர்களும் பழகிப்போய், ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். கிடங்குக்காரர்கள் வாசலுக்குத் தனியாகக் காவலாள் போடவே இல்லை.

டீச்சர் வியாழக்கிழமைதோறும் காரில் அந்த வழியாகத்தான் போனாள். வேறு வழி இருந்தது, வேண்டுமென்றே அதில் போகவில்லை. வாசலருகே வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்குவாள். பீப்பாய் கேட்கும்.

"இன்னும் முடிவு பண்ணல!" என்று கத்திவிட்டு, கியரை மாற்றிப் போய்விடுவாள்.