மாமனார் ஓட்டிய புல்வெட்டி

பூங்கா வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், மேலாளர் வருவதற்குள் மாப்பிள்ளை புல்லை வெட்டி முடித்தாக வேண்டும். புல்வெட்டும் வண்டியோ இன்ஜின் உறுமியும், பிளேடு சுழன்றும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் இம்மியும் நகரவில்லை. பெல்ட்டைப் பார்த்தான், சரி. ஆயிலைப் பார்த்தான், சரி. தான் பார்த்ததுதான் சரியில்லையோ என்று மறுபடியும் பார்த்தான்.

கடைசியில் வீட்டிலிருந்து எல்லோரும் தள்ள வந்தார்கள். சீட்டில் ஆள் இல்லாவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். அதனால் முழங்கால் வலிக்காரரான மாமனார் ஏறி, பெடலை மிதித்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

"சாப்பிட்டவங்க மாதிரியா தள்ளுறீங்க?"

"நீங்க இறங்குங்க, நான் உக்காந்து பேசுறேன்," என்றாள் மாமியார், மூச்சிரைக்க.

பாதிப் புல் முடிந்தபோது மச்சினன் வியந்தான். "இவ்ளோ பெரிய வண்டி என்னமா உருளுது அத்தான்!"

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கியர் பிடித்திருந்தால் வண்டி உருளவே கூடாது. காலையில் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே எடுப்பதற்காக, சக்கரங்களை விடுவிக்கும் லீவரை இழுத்தவன் அவனேதான். திருப்பி அமுக்க மறந்துவிட்டான்.

சொன்னால் மாமியார் அடுத்து வெட்டுவது புல்லாக இருக்காது. சத்தமில்லாமல் குனிந்து அமுக்கினான்.

வண்டி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. தள்ளியவர்கள் அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள்.

"ஆங், இப்பதான் தள்ளுறீங்க!" என்றார் மாமனார், திரும்பிப் பார்க்காமலே.

மேலாளர் வந்தபோது மாமனார் கடைசி வரிசையை வெட்டிக்கொண்டிருந்தார். வேலை அவருக்கே நிரந்தரமானது.