துரைக்கு ஒரு கதவு

நாய்க்கு ஒரு தானியங்கிக் கதவு செய்யப்போகிறேன் என்று லிஃப்ட் மெக்கானிக் சொன்னபோதே அவர் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அக்கம்பக்கத்தாருக்குத்தான் புரியவில்லை. பெண்டாட்டிக்கு மூட்டு தேய்ந்துபோச்சு, நாயை வெளியே விடுவதற்கு எழுந்து எழுந்து பின்கதவைத் திறக்க முடியவில்லை, அதற்காக மனுஷன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று புகழ்ந்து தள்ளினார்கள். புண்ணியவான்!

உண்மை வேறு. மகள் தன்னோடு வேலை பார்த்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து, அவள் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவளும் வைக்கவில்லை. சாயங்காலம் நாயை வெளியே விட அம்மா பின்கதவைத் திறப்பாள். முன்வாசலில் நின்றால் தெரு பார்த்து அவர் காதில் போட்டுவிடும் என்று, சந்து வழியாக வந்து மகள் படிக்கு வெளியே நிற்பாள். அந்த நாயின் மிடுக்கைப் பார்த்துத் துரை என்று பெயர் வைத்ததே அவள்தான். போனில் பேசலாம்தான். ஆனால் மகளுக்கு இது ஏழாம் மாதம். வயிற்றைப் போனில் தொட்டுப் பார்க்க முடியுமா? ஒருநாள் அவர் வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டார். இருவரையும் பார்த்தார். பின்கதவை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

மறுநாளே வேலை தொடங்கியது. பின்கதவின் அடிப்பகுதியில் ஒரு சதுரத்தை அறுத்தெடுத்தார். பழைய காரின் வைப்பர் மோட்டார், சைக்கிள் செயின், இரும்புத் தகடு என்று கூடம் முழுக்கக் கடை பரப்பினார். துரையின் கழுத்துப்பட்டையில் சின்னதாக ஒரு சிப்பைக் கோத்தார். நாய் கிட்டே போனால் தகடு மேலே ஏறும், தாண்டியதும் இறங்கும். எல்லாம் முடிந்ததும் பின்கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனி நீ எழுந்திருக்கவே வேண்டாம் என்று, ஏதோ நகை செய்து போட்டவர் மாதிரி அவளிடம் சொன்னார்.

ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது? தன் கை பட்ட லிஃப்டில் ஒருத்தர் விரல்கூட நசுங்கியதில்லை என்பது அவர் ஓயாமல் சொல்லும் பெருமை. அந்தப் பழக்கத்தில் நாய்க்கதவுக்கும் ஒரு சென்சாரை வைத்துவிட்டார். நடுவில் ஏதாவது இருந்தால் தகடு இறங்காது. மனைவி அதைச் சீக்கிரமே கண்டுகொண்டாள். சாயங்காலம் துரையைக் கூப்பிட்டுத் தகட்டை ஏறவைப்பாள். அது தன்பாட்டுக்கு வெளியே போனதும், சுவரைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சரிந்து படுத்துக் கையை நீட்டுவாள். அந்தப் பக்கம் மகள் சிரமப்பட்டு மண்டியிட்டு, வயிற்றை அந்தக் கைக்குக் கொண்டுவருவாள். இருவரும் அதிகம் பேச மாட்டார்கள். சிரிப்பார்கள். நாய் போகிற வழியில் பேரப்பிள்ளையைத் தொட வேண்டியிருக்கிறதே என்று அவள் அழுவதெல்லாம் அப்புறம், அடுப்படியில்.

புடவையில் ஒரு பக்கம் முழுக்க அப்பியிருந்த தூசியை வைத்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். முடித்துவிட்டு வந்து ரொம்பக் கரிசனமாகச் சொன்னார்.

"சென்சாரைக் கழட்டிட்டேன். கையைக் கிய்யை நீட்டினா நசுங்கிடும். பாத்துக்கோ."

சாயங்காலம் நாற்காலியைக் கொண்டுவந்து பின்கதவுக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. துரையைக் கூப்பிட்டாள். தகடு ஏறியது, நாய் போனது. அவள் தரையில் இறங்கிப் படுத்துக் கையை நீட்டினாள். மகள் எப்போதும்போல வயிற்றைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தகடு இறங்கியது. மணிக்கட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டு இன்னும் இறங்கப் பார்த்தது. வலி தோள்வரைக்கும் ஏறியது. செயின் கடகடத்தது, மோட்டார் உறுமியது. மகளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்மா, கையை எடும்மா."

அவள் எடுக்கவில்லை. ரப்பர் தீய்கிற வாடை வந்தது. நாற்காலியில் இருந்தவர் முதல்முறையாகப் பதறினார்.

"கையை எடு. மோட்டார் கருகிடும்."

"கருகட்டும்" என்றாள்.

உள்ளங்கைக்கு அடியில் குழந்தை ஒருமுறை புரண்டது. மோட்டாரின் சுவிட்ச் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில், எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் கையை நீட்டவில்லை.