நாலாவது கம்பம்

...விளக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பாள் பாண்டிலட்சுமி, அது என்ன பழக்கம் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் என்ன சொல்வது, விருதுநகரில் இந்த ஜவுளிக்கடையின் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ள வந்து வருஷங்கள் ஆகின்றன, கை மட்டும் இன்னும் எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியை விட்டு வரவில்லை, அங்கே வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பிலிருக்கும் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும், அப்புறம்தான் உள்ளே காலெடுத்து வைக்கலாம்... அந்த அறை வெடித்த அன்று தொடாமல் போனவர் ஒரே ஆள்தான், அவள் புருஷன் பலவேசம். போர்மேன் அப்படித்தான் சொன்னார், போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. கூட மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்களே, அவர்கள் வீட்டுப் பெண்கள் இருக்கன்குடிக் கோயிலில் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம் இவளே திட்டுகிறாளே, ஒரு தகட்டைத் தொட என்ன கேடு வந்தது உங்களுக்கு, நாலு குடும்பத்தையும் தெருவில் நிறுத்திவிட்டீர்களே என்று...

"யக்கா, கம்பத்தத் தொடாதீக!" எலக்ட்ரீசியன் சாம்சுந்தர் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டாள். மூலை இருட்டாக இருக்கிறது, பெண்கள் வண்டியெடுக்கப் பயப்படுகிறார்கள் என்று புது விளக்கு மாட்டிக்கொண்டிருக்கிறான், ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தானே மங்கிவிடுமாம், கரண்ட் பில் குறையும் என்று முதலாளிக்கு ஒரே குஷி. நாலாவது கம்பத்தின் அடியில் தோண்டிய குழியைக் காட்டினான். "எர்த் கம்பி உள்ளுக்குள்ளயே அத்துக் கெடக்கு, பாத்தீகளா? கம்பத்துல கரண்ட் எறங்குச்சுன்னா தொட்ட ஆளத் தூக்கிரும். மேல இருந்து பாத்தா ஒண்ணுந் தெரியாது." பச்சைக் களிம்பேறி, இற்றுப்போன கம்பி, மண்ணுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்... குழியருகே குனிந்தபடி கேட்டாள். "தம்பி, பட்டாசுக் கம்பெனி வாசல்ல தகடு இருக்கும்லா, தொட்டுட்டுப் போறதுக்கு... அதுக்கும் இப்படிக் கம்பி உண்டுமா?"

"இல்லாமயா? அது அத்துப்போச்சுன்னா தொட்டாலும் ஒண்ணுதான், தொடாட்டியும் ஒண்ணுதான்."

அவன் ஏணியில் ஏறிவிட்டான், அவனுக்கு வேலை கிடக்கிறது. அந்தத் தகட்டுக்குக் கீழே யாராவது தோண்டிப் பார்த்தார்களா, இனி எங்கே பார்க்க, அறையே தரைமட்டம், அந்த இடத்தில் புது ஷெட் கட்டி வேலையும் நடக்கிறது... விளக்குகள் எரிந்தன, கார் ஒன்று உள்ளே வந்தது, "வாங்க, வாங்க, அங்கன நிறுத்துங்க" என்று கை தானாக வழிகாட்டியது, கண்தான் கலங்கியது. அவர் தொட்டிருந்தால்? தொட்டுவிட்டே போயிருந்தால்? இத்தனை காலமும் திட்டினாளே தவிர, "தொட்டீகளா" என்று அவரை ஒருதடவைகூடக் கேட்டதில்லை.