மூன்றாவது விரலுக்கு இங்கே இடமில்லை

1

இந்தக் கதை எனக்கு வரிசையில் நின்றபோது கிடைத்தது. வீட்டு வழக்கு ஒன்றுக்காகக் கீழ் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் புத்தகம் பைண்டிங் செய்யும் ஓர் அம்மா, பக்கத்தில் அவருடைய அண்ணன். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் அந்த அம்மாவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று தடுப்புத் தகட்டைக் கழற்றி வைத்தவர் முதலாளி.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "குருதி தோய்ந்த தாள்கள் ஒவ்வொன்றாக..." அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை.)

2

கோர்ட் குமாஸ்தா அவர்களுடைய நஷ்டஈட்டு மனுவைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இவ்வளவு தொகைக்கு இங்க வழக்கு போட முடியாதும்மா. எங்க வரம்பைத் தாண்டுது. மேல் கோர்ட்டுக்குப் போங்க."

"அது எங்கங்க இருக்கு?"

"ரயிலேறிப் போகணும். வக்கீல் வைக்கணும். நாலஞ்சு வருஷம் ஆயிடும்."

"இங்கேயே முடிக்கணும்னா?"

அவர் ஒரு துண்டுத்தாளில் கூட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். "ரெண்டு விரலுக்கு மட்டும் கேட்டா இங்கயே எடுத்துக்கலாம்."

3

நீதிபதியைக் கல்நெஞ்சராக எழுதிப் பார்த்தேன். கதைக்கு அது வசதி. உண்மையில் அவர் அந்த அம்மாவுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

"நான் மனசு வச்சாலும் நடக்காதும்மா. வரம்புக்கு மேல நான் தீர்ப்பு சொன்னா அது செல்லாது. மிச்சத்தை விட்டுக்கொடுக்கறேன்னு எழுதிக் குடுங்க, நானே விசாரிக்கறேன். ஆனா விட்டதை அப்புறம் எங்கயும் கேட்க முடியாது."

"எந்த விரலை விட்டுட்டேன்னு எழுதணும் ஐயா?"

(நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் மனம் அப்போது..." என்று தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். அவர் மனம் எனக்குத் தெரியாது.)

4

வராந்தாவில் அண்ணன் கெஞ்சினார். நாலு மாதமாகத் தங்கைக்குத் தலை பின்னிவிடுகிறவர் அவர்தான்.

"வர்றதை வாங்கிக்கம்மா. இழுத்துக்கிட்டே போனா தாங்க மாட்டோம்."

மிச்சத்தை விட்டுக்கொடுக்கும் படிவத்தை அந்த அம்மா என்னிடம் நீட்டினார். "நீங்க எழுதிக் குடுங்க. அண்ணன்கிட்ட குடுத்தா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ரெண்டுன்னு எழுதிடும்."

'வரம்புக்கு மேற்பட்ட தொகையை நான் இதன்மூலம்' வரை எழுதினேன்.

"நிறுத்துங்க," என்றார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கதை எழுதறேன்."

"அப்ப எப்படி முடியும்னு தெரியுமே. நீங்களா இருந்தா என்ன எழுதுவீங்க?"

"தெரியலைங்க."

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கும் அதிகாரம் இல்லபோல."

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கையெழுத்துப் போடுகிறார். ஆறே மாதத்தில் தீர்ப்பு. சின்னதாக ஒரு நோட்டுக்கடை. மற்றதில் ரயிலேறுகிறார், ஐந்தாம் வருடம் மூன்று விரலுக்கும் நியாயம் கிடைக்கிறது, அதைக் கேட்க அண்ணன் இல்லை.

இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன. அதனால் இரண்டையும் நம்பவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். படிவத்தை நாலாக மடித்து இடது கையால் அண்ணனின் சட்டைப் பையில் வைத்தார். பதில் சொல்ல மறுநாள் மாலை வரை நேரம் கொடுத்திருந்தார்கள். இருவரும் படியிறங்கிப் போனார்கள். அவர்கள் வீடு எங்கே என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த அம்மா என்னிடம் கேட்டதை உங்களிடம் கேட்கிறேன். 'இதன்மூலம்' என்பதற்கு அப்புறம் நீங்கள் என்ன எழுதுவீர்கள்?